எடையில்லாத வண்டிகள்

(திண்டிவனத்தில் கல்லூரி மாணவர்களும் ஓட்டுநர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கார்ப் பந்தய வீடியோ கேம்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதற்கெல்லாம் ஒரு மேடையா என்று பெரியவர்கள் சிலருக்குத் தோன்றலாம். இன்று நம் ஊர்ப் பிள்ளை முதன்முதலாக ஸ்டியரிங்கைத் திருப்புவது கைபேசித் திரையில்தான். வேகம் எப்படி இருக்கும், வளைவில் வண்டி என்ன செய்யும், பிரேக்கை அழுத்தினால் எப்போது நிற்கும் என்று அவன் கற்கும் முதல் பாடமும் அங்கேதான் நடக்கிறது. லைசென்ஸ் எடுக்கப் போகும்போது அந்தப் பாடம் ஏற்கெனவே கையில் ஊறிப்போயிருக்கிறது. அது சரியான பாடமா என்று நாம் கேட்டாக வேண்டும்.

இந்த விளையாட்டுகளை உருவாக்குகிறவர்களும் ஆடுகிறவர்களும் நெடுநாளாக இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒன்று ஆர்கேட். காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் காலத்தில் பிறந்தது. உட்கார்ந்த நிமிடமே வேகம் கிடைக்க வேண்டும், யாரும் தடுமாறக் கூடாது என்பது அதன் நோக்கம். இன்னொன்று சிமுலேஷன். உண்மையான வண்டி எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே திரையிலும் நடக்க வேண்டும், கஷ்டமாக இருந்தாலும் பரவாயில்லை என்பது அதன் கொள்கை.

ஆர்கேட் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று உள்ளே போய்ப் பார்ப்போம். 1986-ல் செகா நிறுவனம் ‘அவுட் ரன்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. வடிவமைத்தவர் யு சுசுகி. கடற்கரைச் சாலையில் ஒரு சிவப்புக் கார் பறக்கும். அந்தத் தலைமுறை விளையாட்டுகளில் சாலை என்று நாம் பார்ப்பது கீழிருந்து மேலாக ஒவ்வொரு கோடாக வரையப்பட்ட படம். வளைவு வரும்போது கோடுகள் பக்கவாட்டில் நகர்கின்றன, அவ்வளவுதான். கார் திரும்புவதே இல்லை. வேகத்தையும் வளைவின் அளவையும் பெருக்கி, அந்த அளவுக்குக் காரை வெளிப்பக்கம் தள்ளிவிடுகிறது நிரல். ஆடுகிறவர் எதிர்ப்பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்து அந்தத் தள்ளலைச் சமன் செய்கிறார். டயர் கிடையாது, எடை கிடையாது, சஸ்பென்ஷன் கிடையாது. ஆனாலும் உட்கார்ந்தவருக்கு வயிற்றில் ஓர் இழுப்பு வந்துவிடுகிறது. இதைச் சாதித்தவர்களின் கலைத்திறனை நான் மனமார மதிக்கிறேன். வேகம் என்ற உணர்ச்சியை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ‘ரோட் ராஷ்’ நினைவிருக்கும். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1991-ல் கொண்டுவந்தது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடினோம். பைக்கில் பறந்தபடி பக்கத்தில் வருகிறவனைச் சங்கிலியால் அடிப்பது, போலீஸிடமிருந்து தப்புவது, இதுதான் ஆட்டம். எதிரே வரும் காரில் மோதினால் ஆள் தூக்கி எறியப்படுவான். சாலையில் உருண்டு புரள்வான். பிறகு எழுந்து, விழுந்து கிடக்கும் பைக்கை நோக்கி ஓடுவான். வண்டி தூரமாகக் கிடந்தால் ஓட்டமும் நீளும். நாங்கள் நம்பியது அந்த ஓட்டத்தைத்தான். விழுந்தவன் எழுந்து ஓடுவான் என்று விரல்கள் பழகிவிட்டன.

அதற்காக ஆர்கேடைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. ரோட் ராஷ் யாரையும் ஏமாற்றவில்லை. தான் ஒரு கூத்து என்பதை முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறது. தெருக்கூத்தில் துரியோதனன் தொடையில் விழும் அடியை யாரும் நிஜ அடி என்று எண்ணுவதில்லை.

சிமுலேஷன் பக்கம் வருவோம். இங்கேதான் எனக்குப் பேசப் பேச ஆசை தீராது. இங்கிலாந்தில் ஜெஃப் கிராமண்ட் என்பவர் 1984-லேயே ‘ரெவ்ஸ்’ என்ற விளையாட்டில் பந்தயக் காரின் உண்மையான நடத்தையை வீட்டுக் கணினிக்குள் கொண்டுவர முயன்றார். அமெரிக்காவில் பாப்பிரஸ் நிறுவனம் 1998-ல் ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’ வெளியிட்டது. 1967-ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் பந்தயங்கள்தான் களம். காற்றால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் அந்தக் கார்களுக்குக் கிடையாது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அவசரப்பட்டு மிதித்தால் பின்பக்கம் சுழன்றுவிடும். வாங்கியவர்களில் பலர் ஒரு சுற்றைக்கூட ஒழுங்காக முடிக்க முடியாமல் கைவிட்டார்கள், விற்பனையும் பெரிதாக இல்லை. ஆனால் அதை உருவாக்கிய டேவிட் கெம்மர் தளரவில்லை. பின்னாளில் அவர் கூட்டாகத் தொடங்கிய ‘ஐரேசிங்’ 2008-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பந்தயத் தடங்களை லேசர் கருவியால் அளந்து, தார்ச்சாலையின் மேடு பள்ளத்தைக்கூட அப்படியே உள்ளே வைத்தார்கள்.

சிமுலேஷனின் உயிர் டயரில் இருக்கிறது. ஒரு கார் தரையைத் தொடுவது நான்கே இடத்தில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. வேகம் எடுப்பது, நிற்பது, திரும்புவது எல்லாம் அந்த நான்கு திட்டுகளின் பிடிப்பில்தான் நடக்க வேண்டும். அந்தப் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. மாதச் சம்பளம் ஒன்றுதான். அதில் வாடகைக்கு அள்ளிக் கொடுத்துவிட்டால் மளிகைக்கு மிஞ்சாது. அப்படித்தான் முன் டயரின் பிடிப்பு முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சமிருக்காது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே போகும். நல்ல சிமுலேட்டர் இந்தக் கணக்கை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை போடுகிறது. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்கிறதா, பின் டயர் லேசாகிறதா, டயர் சூடேறிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் கவனிக்கிறது. நெதர்லாந்தின் ஹான்ஸ் பசேக்கா என்ற பொறியாளர் டயரின் நடத்தையை ஒரு சூத்திரத்துக்குள் அடக்கினார். கார்த் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் அந்தச் சூத்திரம் பல விளையாட்டுகளுக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கிறது.

டயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரின் கதையே சாட்சி. நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பந்தயத்தில், சாய்வாகக் கட்டப்பட்ட வேக வளைவைத் தங்கள் டயர்கள் தாங்காது என்று மிஷலின் நிறுவனம் சொல்லிவிட்டது. அந்த டயர் பூட்டிய கார்கள் எல்லாம் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் ஒதுங்கிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள் மட்டும் பந்தயம் ஓடின. நரேன் நான்காவதாக வந்தார். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை. உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள் பதினான்கு பேரைக் கரையில் உட்கார வைத்தது ரப்பர்.

இரண்டு கட்சிக்கும் நடுவில் நின்று கோடிக்கணக்கான பேரைப் பிடித்துக்கொண்டது ஜப்பானின் ‘கிரான் டூரிஸ்மோ’. கசுநோரி யமௌச்சியின் குழு 1997 டிசம்பரில் வெளியிட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பந்தயமே இல்லை, லைசென்ஸ் தேர்வு. முக்கியமான பந்தயங்களுக்குள் நுழைய லைசென்ஸ் வேண்டும். அதன் முதல் தேர்வு என்ன தெரியுமா? புறப்பட்டு, குறித்த நேரத்துக்குள் 400 மீட்டர் போய், கட்டம் போட்ட இடத்துக்குள் வண்டியை நிறுத்த வேண்டும். தாண்டினால் தோல்வி. வேகத்தை விற்கும் ஒரு விளையாட்டு முதல் பாடமாக நிற்கக் கற்றுக்கொடுத்தது.

அந்த விளையாட்டை ஆடியே உண்மையான பந்தய வீரர்கள் ஆனவர்களும் உண்டு. நிஸானும் சோனியும் 2008-ல் தொடங்கிய ஜிடி அகாதெமி, வீட்டில் ஆடிக்கொண்டிருந்தவர்களில் தேர்ந்தவர்களைப் பந்தயத் தடத்துக்கு அழைத்துப் போனது. 2011-ல் வென்ற ஜான் மார்டன்பரோ 2013-ல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் அணியோடு தங்கள் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றார். அமெரிக்காவில் வில்லியம் பைரன் வீட்டுக் கணினியில் ஐரேசிங் ஆடிக் கற்றவர். அவர் டேட்டோனா 500 பந்தயத்தை 2024-லும் 2025-லும் வென்றார். கணக்குச் சரியாக இருந்தால் கை கற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இருந்தும் ஒன்றை மறைக்கக் கூடாது. 2015 மார்ச்சில் ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் தடத்தில் மார்டன்பரோவின் கார் ஒரு மேட்டில் காற்றில் எழும்பி வேலியைத் தாண்டிப் போனது. பார்வையாளர் ஒருவர் இறந்துபோனார். 2025 ஜனவரியில் துபாய்ப் பந்தயத்தின் பயிற்சியில் நடிகர் அஜித் குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர் அந்தக் காரிலிருந்து இறங்கி நடந்து வரும்வரை இங்கே பலருக்கு மூச்சே வரவில்லை. எந்தச் சிமுலேட்டரும் இந்த அச்சத்தைத் தருவதில்லை. வளைவில் உடம்பு இழுபடாது, கழுத்து வலிக்காது, ரப்பர் கருகும் வாடை வராது. பிழை செய்தால் ஒரு பொத்தானை அழுத்தி மறுபடியும் தொடங்கிவிடலாம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இங்கே கூடியிருக்கும் பிள்ளைகளிடம் எந்த விளையாட்டு ஆடுகிறீர்கள் என்று கேட்டால் ஃபெராரியும் லம்போர்கினியும் ஓடும் விளையாட்டுகளின் பெயர்களுக்கு நிகராக இன்னொன்றும் வரும்: ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’. மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-ல் வெளியிட்டது. இந்தோனேசியாவிலும் நம்மைப் போலச் சாலையில் இடப்பக்கம்தான் போக வேண்டும், ஸ்டியரிங் வலப்பக்கம்தான் இருக்கும். அதனால் நம் பிள்ளைகளுக்கு உட்கார்ந்ததும் அந்நியமாகத் தெரியவில்லை. பேருந்துக்கு நாமே வண்ணம் தீட்டலாம், புதிய வண்டிகளை மோட் என்று சேர்த்துக்கொள்ளலாம். விட்டுவிடுவார்களா நம்மவர்கள்? அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வண்ணம், விரைவுப் பேருந்தின் வண்ணம், கரூரில் பாடி கட்டிய தனியார் பேருந்துகளின் பளபளப்பு, தமிழில் எழுதிய ஊர்ப் பலகை என்று எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 2016 டிசம்பரில் இந்தோனேசியச் சிறுவர்கள் சாலையோரம் நின்று பேருந்து ஓட்டுநர்களிடம் ஹாரன் அடிக்கச் சொல்லிக் கேட்ட காணொளிகள் உலகமெங்கும் பரவின. டெலோலெட் என்று அந்த ஹாரனுக்குப் பெயர். நம் ஊர்ச் சிறுவர்களும் சாலையோரம் நின்று கையால் இழுப்பதுபோல் காட்டி ஹாரன் கேட்டவர்கள்தான். அந்த விளையாட்டு இங்கே ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்பது எனக்கு இதிலேயே விளங்கிவிடுகிறது.

விழுப்புரம் சாதாரண ஊர் இல்லை. ஒரு காலத்தில் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் தாங்கிய கோட்டத்தின் தலைமையிடம் அது. இந்த மண்ணில் பேருந்து என்பது எத்தனையோ வீட்டில் அப்பாவின் வேலை, மாமாவின் வேலை. அந்தப் பேருந்தைத் திரையில் ஓட்டும் பிள்ளை பந்தயத்தில் முதலாவதாக வர ஆசைப்படவில்லை. நிலையத்தில் ஆள் ஏற்றி, ஊர் போய் இறக்கி, கிடைத்த பணத்தைச் சேர்த்து அடுத்த வண்டி வாங்கப் பார்க்கிறான். மெதுவாக ஓட்டுகிறான், இண்டிகேட்டர் போடுகிறான். ஆர்கேடா சிமுலேஷனா என்று டயரைப் பற்றியே வாதாடிக்கொண்டிருந்த உலகத்துக்கு முன்னால், ஒரு வேலையின் உண்மையைத் தேடிப் போனவர்கள் இந்தப் பிள்ளைகள். இதை யாரும் கவனித்துப் பாராட்டியதாக எனக்குத் தெரியவில்லை. நான் இந்த மேடையிலிருந்து பாராட்டுகிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் அந்தப் பேருந்தில் இல்லை. எடை.

ஆள் நிறைந்த பேருந்து ஏறத்தாழ 15 டன். இங்கே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் அண்ணன்மார்களைக் கேளுங்கள், இறக்கத்தில் லோடு பின்னாலிருந்து தள்ளும் என்பார்கள். ஏர் பிரேக் பெடலை மிதித்து, காற்று போய்ச் சேர்ந்து, டிரம் பிடிக்கும்வரை ஒரு கணம் இருக்கிறதே, அதை உடம்பால் தெரிந்துவைத்திருப்பார்கள். கைபேசியில் கண்ணாடியை விரலால் தொட்டால் பேருந்து நின்றுவிடுகிறது. வண்ணம் நம் வண்டி, பலகை நம் ஊர், ஹாரன் நம் ஹாரன். நிற்பது மட்டும் பொம்மை. ரோட் ராஷைவிட இதை நான் கவலையோடு பார்ப்பது இதனால்தான். கூத்து வேஷத்தோடு வருகிறது. இது நம் ஊர் முகத்தோடு வருகிறது. நிஜ நிறுவனங்களின் கார்களையும் புகைப்படம் போன்ற காட்சிகளையும் காட்டிவிட்டு, உள்ளே அவுட் ரன் காலத்துக் கணக்கையே வைத்திருக்கும் கைபேசிப் பந்தயங்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். சரக்கு வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைக்கும் அளவு மணிக்கு 80 கி.மீ. 80-ல் வருகிற வண்டி நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறது. குறுக்கே ஒருவர் வருவதைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வையுங்கள், 22 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலையில் நொடிக்கு நொடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் நிற்க இன்னும் 49 மீட்டர். மொத்தம் 71. இப்போது அதே இடத்தில் 100-ல் ஒரு கார் வருகிறது. அதற்கும் அதே கண், அதே கால், அதே பிரேக். 80-ல் வந்தது நின்றுவிட்ட அந்த 71-ஆவது மீட்டரில் 100-ல் வந்தது என்ன வேகத்தில் இருக்கும்? பத்தோ இருபதோ என்று மனம் சொல்லும். ஏறத்தாழ 66 கி.மீ. வேகத்தில் இருக்கும். வேகம் கூடியதோ கால் பங்குதான். குறுக்கே வந்த ஆளுக்கு அது உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம். சாலை நனைந்திருந்தால் 80-ல் வந்ததும் 100 மீட்டரைத் தாண்டித்தான் நிற்கும்.

இந்தக் கணக்கை நம் திண்டிவனம்-விழுப்புரம் நெடுஞ்சாலையில் வைத்துப் பாருங்கள். கூட்டேரிப்பட்டில் மயிலம் கோயிலுக்குத் திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நின்ற வரிசை கலைந்ததும் எல்லா வண்டியும் ஒரே மூச்சில் வேகம் எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். அறுவடைக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் நெல்லும் உளுந்தும் காயும், அதன்மேல் பைக் டயருக்குப் பிடிப்பே கிடையாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது, நெடுஞ்சாலையில் போக்குவரத்தே நின்றது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ஏறத்தாழ 40 கி.மீ. சாலை. ஐரேசிங்காரர்கள் லேசரால் அளந்த எந்தத் தடத்துக்கும் குறையாத கஷ்டம் இந்தச் சாலையில் இருக்கிறது. டெல்லி அருகே உள்ள புத்தா தடம் 2011-லேயே ஃபார்முலா ஒன் விளையாட்டுக்குள் வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை பந்தயம் நடந்த தடம் அது. தினமும் நம் வீட்டார் போய்வரும் சாலைக்கு, எடையோடு கூடிய ஒரு சிமுலேட்டரை யார் செய்வது?

நீங்கள்தான் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கோயம்புத்தூர் கரி தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் கட்டும் மாணவர்கள் இதே டயர்க் கணக்கைத்தான் கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள். உங்களால் முடியாதது ஒன்றுமில்லை. படம் அழகாக இருக்க வேண்டும் என்று தொடங்காதீர்கள். சாம்பல் நிறச் சாலை போதும், பெட்டி போன்ற பேருந்து போதும். ஆள் இல்லாத வண்டிக்கும் ஆள் நிறைந்த வண்டிக்கும் நிற்கும் தூரம் மாற வேண்டும். மழை பெய்தால் மாற வேண்டும். பிரேக்குக்குள் அந்த ஒரு கணத் தாமதம் இருக்க வேண்டும். பயணி நின்றுகொண்டிருக்கும்போது வெடுக்கென்று பிடித்தால் உள்ளே விழுகிறவர்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். இப்படி ஒரு விளையாட்டு கும்மிடிப்பூண்டியில் கனரக வாகனப் பயிற்சிக்குப் போகும் இளைஞனுக்கும் உதவும், எதிரே சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் உதவும். அந்தப் பிள்ளை தன் கையால் ஒருமுறை 15 டன்னை நிறுத்திப் பார்க்கட்டும்.

தொடங்குவதற்குப் பணம் வேண்டாம். உங்கள் கைபேசியில் முடுக்கத்தை அளக்கும் உணரி இருக்கிறது. விழுப்புரம் பேருந்தில் ஏறி அதைத் தரையில் அசையாமல் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி எந்த வீதத்தில் வேகம் குறைந்தது, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள், சாலை ஈரமா காய்ந்ததா என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பணிமனையில் பணி முடித்து உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்: அண்ணே, மழையில் எந்த இடத்தில் முன்கூட்டியே காலை எடுப்பீர்கள், எந்த இடத்தில் பிரேக்கைத் தொடவே மாட்டீர்கள்? இங்கேயே நான்கைந்து பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள். நான் உட்கார்கிறேன், மைக்கை அவர்களிடம் கொடுங்கள்.